புபூசாக் கடையும் என் சிநேகிதியும்

இருபத்திரண்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் அவளும் நானும் ஒன்றாகத்தான் திரிந்தோம். சூரிச்சுக்குப் பக்கத்தில் அட்லிஸ்விலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. காலையில் முருகன் கோயில், பிறகு தமிழ்க் கடையில் மரக்கறி, பிறகு ஸ்டேஷனில் ஒரு கோப்பி. அவள் கல்யாணமாகி வந்து இறங்கியபோது நான் இங்கே வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டிக்கெட் மெஷினில் எந்தப் பொத்தானை அமத்துவது, குப்பையை எந்தப் பையில் கட்டுவது, எல்லாம் நான்தான் காட்டிக் கொடுத்தேன். டொக்டருக்குப் போன் எடுத்து நேரம் கேட்பதும் நான்தான். அவளுக்கு இங்கத்தை ஜெர்மன் மொழி, டொச், விளங்கும், ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். பிழையாகக் கதைத்தால் சிரிப்பார்கள் என்று பயம். "நீர் கதையுமன்" என்று போனை என் கையில் தந்துவிடுவாள்.

போன வருஷம் மாசி மாதத்தில் "இந்தச் சனி எனக்கு ஏலாது" என்றாள். அடுத்த சனியும் அதையே சொன்னாள். மூன்றாவது தடவை நான் காரணம் கேட்டேன்.

"என்னோடை வேலை செய்த எல் சல்வடோர்க்காரி ஒராள் சூரிச்சிலை சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறா. சின்னக் கடைதான். ஆளில்லை. கொஞ்சம் ஒத்தாசைக்குப் போறன்."

அந்தப் பெண்ணும் அவளும் ஆறு வருஷமாக ஒரே கந்தோர்க் கட்டடத்தில் விடியக் காலையில் கூட்டித் துடைத்தவர்கள். அவளைப் பற்றி முன்பும் சொல்லியிருக்கிறாளாம். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது வேறு வழியில்லாமல் கேட்க வேண்டியிருந்தது. ரயிலில் ஏறினால் "அவ சொன்னவ" என்று தொடங்குவாள். அவ சொன்னவ, அங்கையும் சண்டை நடந்ததாம். அவவின்ரை ஊரிலையும் மாங்காய்க்கு உப்புத்தூள் போட்டுத்தான் சாப்பிடுகினமாம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "ஓமோ" என்பேன். ஒரு நாள் போனில் அந்த நாடு எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்த்தேன். வரைபடத்தில் அதைக் கண்டுபிடிக்கவே விரலால் இரண்டு மூன்று தரம் பெரிதாக்க வேண்டியிருந்தது. அது எனக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டாள். "ஒருக்கா வந்து சாப்பிட்டுப் பாருமன். உம்மைக் காண வேணும் எண்டு அவ எத்தினை நாளாக் கேக்கிறா."

ட்ராம் திரும்புகிற முனையில் கடை. எட்டு மேசை, மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. உள்ளே சோளமா வேகிற மணம். ஐம்பது வயதுக்குக் கிட்ட, குள்ளமாக, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண் ஏப்ரனோடு ஓடிவந்து என் சிநேகிதியைக் கட்டிப்பிடித்து மூன்று தரம் கன்னத்தில் கொஞ்சினாள். வேலையிடத்தில் சுவிஸ்காரர் அப்படிச் செய்தால் கழுத்தைப் பின்னுக்கு இழுக்கிறவள், அன்றைக்குத் தானாகவே கன்னத்தைக் கொடுத்தாள். பிறகு அவளே ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் வாயில் அந்த மொழியைக் கேட்டதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் நான் பக்கத்தில் இருந்தும் வராத துணிவு, இந்தக் கடைக்காரியிடம் மட்டும் எங்கிருந்து வந்தது?

எங்களுக்கு மெனு தரவில்லை. "எனக்குத் தெரியும், மாடு இல்லை" என்று அந்தப் பெண் டொச்சில் சொல்லிவிட்டுப் போனாள். முதலில் புபூசா வந்தது. உள்ளங்கை அகலத்தில் தடித்த சோளமா ரொட்டி, உள்ளுக்குள் உருகின சீஸும் மசித்த சிவப்பு பீன்ஸும். பக்கத்தில் வினாகிரியில் ஊறின, மெல்லிசாகச் சீவின கோவா இலையும் தண்ணியான தக்காளிச் சாறும். நான் முள்ளுக்கரண்டியை எடுத்தேன். என் சிநேகிதி கையால் பிய்த்தாள். கோவாவை அதன் மேல் வைத்துச் சாற்றில் தொட்டு வாயில் போட்டாள். என்னோடு பிட்சா சாப்பிடப் போனால் கத்தியும் கரண்டியுமாக அரை மணித்தியாலம் மினைக்கெடுகிறவள்.

"எப்பிடி?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் நல்ல ருசி. ஓரத்தில் கசிந்து கருகின சீஸை நான் சுரண்டிச் சுரண்டித் தின்றேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "மா கொஞ்சம் காய்ஞ்சு போச்சு" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "அது நேத்து நான் தட்டி வைச்சது" என்றாள்.

உள்ளே ஆட்கள் கூடவே, அவள் எழும்பி ஆணியில் தொங்கிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். யாரும் கேட்கவில்லை, அவளாகப் போனாள். எண்ணெய்க் கிண்ணத்தில் கையைத் தோய்த்து, உருண்டையை எடுத்து, கை மாற்றிக் கை மாற்றித் தட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருக்க, கடைக்காரி ஒரு தட்டில் மூன்று டாக்கோவோடு வந்து எனக்கு எதிரே இருந்தாள். மெல்லிய சோள ரொட்டியை மடித்து, அவகாடோவும் பொரித்த காளானும் வைத்திருந்தாள். அவளுடைய டொச்சும் என்னுடையதும் ஒரே தரம்தான். அதனால் நன்றாக விளங்கியது.

"சனி நீயும் வாறாய்தானே?" என்று கேட்டாள். "என்ரை மச்சான் வான் கொண்டு வருவான். மூண்டாம் மாடி. லிப்ட் இல்லை."

எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று தெரியாமலே நான் "யா" என்றேன்.

"ரெண்டு அறை வீடு. சின்னன். அவ தனிய இருக்கக் காணும். பல்கனியும் இருக்கு." அடுப்படிப் பக்கம் தலையை ஆட்டினாள். "இப்ப முந்தி மாதிரி அழுறதில்லை. நல்ல விஷயம்."

நான் இன்னொரு தரம் "யா, யா" என்று சொல்லிக்கொண்டு டாக்கோவைக் கடித்தேன். காளான் தட்டில் விழுந்தது. என் சிநேகிதி புருஷனை விட்டு வேறு வீட்டுக்குப் போகிறாள். அதை எனக்கு எதிரே இருந்து சொல்கிறவள் ஒரு வேற்று நாட்டுக்காரி. அந்த நேரத்தில் என் சிநேகிதிக்கு என்ன துன்பமோ என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. இவளுக்கு முதலே தெரிந்திருக்கிறது என்பதுதான் மனதில் நின்றது. அவள் அழுததைக்கூட இவள் பார்த்திருக்கிறாள்.

ட்ராம் தரிப்பிடத்தில்தான் கேட்டேன்.

"தனிய வோனுங் எடுத்திருக்கிறீராம், ரெண்டறை வீடு."

அவள் திடுக்கிடவில்லை. "ஓம். பங்குனியிலை சைன் வைச்சனான்."

"எனக்குச் சொல்லேல்லை."

"சொல்லத்தான் இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். அவ முந்திட்டா."

"நீ அவளுக்கு முதல் சொல்லியிருக்கிறாய்" என்றேன். நாங்கள் ஒருவரை ஒருவர் எப்போதும் நீர் என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு வாயில் நீ வந்தது.

ஒரு ட்ராம் வந்து கதவைத் திறந்து மூடிக்கொண்டு போனது. நாங்கள் ஏறவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். "மூண்டு வருஷத்துக்கு முன்னம் கோயிலடியிலை ஒரு மனுசி புருஷனை விட்டுட்டுப் போனவ. நீர் அவவைப் பற்றி என்ன சொன்னனீர் எண்டு ஞாபகமிருக்கோ?"

ஞாபகம் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு இதென்ன கூத்து என்று சொன்னேன். ஒரு கிழமை முழுக்க ரயிலில் அதைத்தான் கதைத்தேன். இன்னும் இரண்டு பேருக்குப் போனும் எடுத்தேன்.

"நீர் சொல்லச் சொல்ல நான் பக்கத்திலை இருந்தனான். அந்த நேரமே என்ரை மனுசன் என்னோடை கதைக்கிறதை விட்டு ஒரு வருஷம். ஏதும் தேவையெண்டால் துண்டிலை எழுதி பிரிட்ஜிலை ஒட்டும்."

அந்தத் துண்டுகளை நான் கண்டிருக்கிறேன். 'பால் முடிஞ்சுது.' 'இண்டைக்குச் சாப்பாடு வேண்டாம்.' எங்கள் வீட்டில் இவர் இப்படி ஒரு துண்டும் எழுதி வைப்பதில்லையே என்று பொறாமைப்பட்டும் இருக்கிறேன்.

"அவவுக்கு எப்பிடிச் சொன்னனீர்? உமக்கு டொச் வராதே."

"நாலு சொல்லிலை சொன்னன். மனுசன் கதைக்கிறேல்லை, நாலு வருஷம் எண்டு. அவ ஒண்டும் கேக்கேல்லை. சாப்பிடத் தந்தா. உமக்கெண்டால் முதலிலை இருந்து சொல்ல வேணும். ஏன், எதுக்கு, ஆரிலை பிழை எண்டு கேப்பீர்."

கேட்டிருப்பேன். அப்போதும் நாக்கு நுனியில் அந்தக் கேள்விகள்தான் நின்றன. அடுத்த ட்ராமில் ஏறினோம். வீடு வரைக்கும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை போனேன். கடைக்காரி மெத்தையின் ஒரு பக்கத்தையும் நான் மற்றப் பக்கத்தையும் பிடித்து மூன்று மாடி ஏற்றினோம். திருப்பத்தில் "லங்சாம், லங்சாம்" என்று, மெதுவாக வரும்படி எனக்குக் கட்டளை போட்டாள். குசினியை நான் அடுக்குவதென்று மனதில் வைத்திருந்தேன். மேலே போய்ப் பார்த்தால் மிளகாய்த்தூளும் கடுகும் கடைக்காரி ஏற்கெனவே அடுக்கிய தட்டில் இருந்தன, கைக்கு எட்டாத உயரத்தில். கடைக்காரி போன பிறகு இறக்கி வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் என் சிநேகிதி கதிரையைப் போட்டு ஏறிக் கடுகை எடுத்துக்கொண்டு, "இதுவும் நல்லதுதான், கை கால் அசையும்" என்றாள்.

பின்னேரம் கடைக்காரி கீழே வானடிக்குப் போன நேரம், என் சிநேகிதி என் கையைப் பிடித்தாள். "கோயிலிலை கேப்பினம். எனக்குச் சொல்லேலாது. நீர் சொல்லும்."

"என்ன சொல்ல?"

"உமக்குத் தெரியும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் வீட்டை இழந்து நிற்கிற நாளில் இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

இப்போது ஒரு வருஷமாகிறது. எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் பொய். மாதத்தில் ஒரு ஞாயிறு மூன்று பேருமாகக் கடையில் இருந்து சாப்பிடுகிறோம். அவர்கள் ஸ்பானிஷுக்கு மாறினால் நான் கோவாவைக் கிண்டிக்கொண்டிருப்பேன். கடைக்காரி அதைக் கண்டால் டொச்சுக்குத் திரும்புவாள். என் சிநேகிதி கவனிப்பதில்லை.

போன மாதம் கோயிலில், பிரசாதம் வாங்கும் வரிசையில், முன்பு நான் போன் எடுத்த இரண்டு பேரில் ஒருத்தி கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "உங்கடை ஆள் தனிய இருக்கிறாவாம். என்ன நடந்ததாம்?"

"ஓம், தனியத்தான் இருக்கிறா" என்றேன். "நல்லா இருக்கிறா. பல்கனியிலை வெண்டி நட்டிருக்கிறா."

"இல்லை, என்ன பிரச்சினை எண்டு?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் திரும்பக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் என் சிநேகிதிக்குப் போன் எடுத்தேன். நான் எப்படிச் சொன்னேன் என்று அவளுக்கு உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. பின்னால் தண்ணீர்ச் சத்தமும் ஆட்கள் சிரிப்பும் கேட்டன. "நாங்கள் வாவிக்கரைக்கு வந்திருக்கிறம்" என்றாள். "பிறகு எடுக்கட்டே?"

"ஓம், எடும்" என்று வைத்துவிட்டேன். அந்த 'நாங்கள்' ரயில் வருமட்டும் காதுக்குள் நின்றது. பின்னேரம் அவள் எடுத்தாள். ஒரு மணித்தியாலம் கதைத்தோம்.