கலைமதியின் பாய்லர்

கம்பெனி பஸ் வல்லம் வடகாலைத் தாண்டுவதற்குள் கலைமதி ஒரு தடவையாவது தீ வைத்துவிடுவாள். ஜன்னலோர இருக்கை, மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் ஓரத்தில் விரிசல் விட்ட போன். அதில் ஒரு விளையாட்டு: திரையில் விரலைத் தேய்த்தால் மணல் கொட்டும். வேறு நிறத்தைத் தொட்டுத் தேய்த்தால் தண்ணீர் ஓடும், நெருப்பு பிடிக்கும். எல்லாமே ரவை அளவுப் புள்ளிகள். கொட்டிய பிறகு அவை அவள் பேச்சைக் கேட்பதில்லை. தண்ணீர் தானே பள்ளம் தேடும். சூடானால் ஆவியாகும். ஆவிக்கு ஒரு சந்து கிடைத்தால் போதும், ஓடியே போய்விடும்.

ஒரகடம் கம்பெனியில் அவளுக்கு லீக் டெஸ்ட் வேலை. கார் ரேடியேட்டருக்குள் காற்றை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசிமுனைக் குமிழிகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் போனில் அவள் கட்டிய பாய்லர் ஒன்றுகூட ஒழுகாமல் நின்றதில்லை.

"ஊரான் ஓட்டையெல்லாம் கண்டுபுடிக்கத் தெரியுது. நான் கட்டுறது மட்டும் சல்லடையா கீது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான். கீழே நெருப்பு, மேலே தொட்டி. ஆவி குழாயில் ஏறி, குளிர்ந்த சுவரில் பட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்ப வேண்டும். அவள் கை படாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்து இருக்கையில் வரும், கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் ஜெபகுமார் ஒருநாள் கேட்டான்: "இது இன்னாத்துக்குக்கா ஆவும்?"

"ஒண்ணுத்துக்கும் ஆவாது. ஷிப்ட் பூரா உருப்படியாத்தானே வேல செய்றேன்? இதுவாவது வெட்டியா இருந்துட்டுப் போவட்டும்."

வீட்டில் கணவன் கத்துவான்: "அடுப்புல பால் பொங்குது, நீ போன்ல தண்ணி காய வெச்சிக்கினு கீறியே!"

"ரெண்டுமே ஊத்திக்கிச்சு, போ" என்பாள்.

போன மாதம் துணிந்து, விளையாடுகிற எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் தன் பாய்லரைப் போட்டாள். அன்று முழுக்க வேலையில் மனசு ஒட்டவில்லை. சாயங்கால பஸ்ஸில் திறந்தால், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தார். ஜெபகுமார் தமிழில் சொன்னான்: "'அருமையான நீரூற்று'ன்னு போட்டுக்கீறாருக்கா."

கலைமதியின் முகம் சுருங்கிவிட்டது. ராத்திரியும் பகலுமாகக் கட்டியது. அடுத்த கணம் பஸ் டிரைவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "அவரு மேல தப்பில்லப்பா. மூலைக்கு மூல பீச்சி அடிச்சா வேற இன்னான்னு சொல்லுவாரு?" பாய்லர் என்ற பெயரை அழித்து, நீரூற்று என்று அவளே மாற்றினாள். மறுநாள் காலை பஸ்ஸில், முதல் சுவரிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

நேற்று அது ஒழுகாமல் நின்றது. ஆவி ஏறியது, குளிர்ந்தது, இறங்கியது. ஒரு புள்ளி வெளியே போகவில்லை. பஸ் கம்பெனி கேட்டுக்கு வந்தும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எறங்குக்கா, கார்டு பஞ்ச் பண்ண லேட்டாவும்" என்றான் ஜெபகுமார்.

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் காவலர் நாகப்பனிடம் கொடுத்துவிட வேண்டும். கலைமதி திரையை அணைக்கவில்லை. போனை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, மெல்ல நடந்து வந்தாள்.

"இன்னாம்மா, கொழம்பா எடுத்தாற?" என்றார் அவர்.

"தண்ணிண்ணே. சிந்திடப் போவுது" என்றவள், பெட்டியில் மற்ற போன்களைப் போல நிறுத்தி வைக்காமல், தன்னுடையதை மட்டும் மட்டமாகப் படுக்க வைத்துவிட்டு உள்ளே போனாள்.