நாற்பத்தொன்றாம் கட்டத்து மழை

நம்ப விருப்பமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இதில் வரும் நேரங்கள் எதுவும் என் கற்பனை அல்ல. எல்லாம் அலுவலகக் கணினியில் பதிவாகி இருக்கின்றன.

என் வேலை மழையை அளப்பது. அதுவும் நனையாமல் அளப்பது. தரையிலிருந்து மேலே போகும் நுண்ணலைகளை மேகத்துக்குள் இருக்கும் பனித்துகள்கள் சிதறடித்துவிடும். செயற்கைக்கோளுக்குப் போய்ச் சேருவது குறையும். எவ்வளவு குறைகிறதோ அதை வைத்து மழையைக் கணக்கிடுவோம். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். எண் ஐம்பதைத் தாண்டினால் என் திரையில் சிவப்பு எரியும். நான் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால் அந்த ஊரில் அபாயச் சங்கு ஊதும்.

நாற்பத்தொன்றாம் கட்டத்தில் என் அக்கா இருந்தாள். ஓடைக்கரையில் வீடு. தகரக் கூரை போட்ட முன்னறையில் தையல் மிஷின்.

திங்கட்கிழமை. செயற்கைக்கோள் கடந்தது மாலை 5:52. கணக்கு என் திரைக்கு வந்தது 6:35. நாற்பத்தொன்றில் சிவப்பு. மணிக்கு 84.3 மில்லிமீட்டர்.

மேகப் படத்தைத் திறந்து பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி வானம். ஈர மண்ணும் தேங்கிய தண்ணீரும் சில சமயம் இப்படி ஏமாற்றும். சிவப்பைத் தள்ளிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"மழையா? ஒரு பொட்டு மேகம் இல்லடா. காயப்போட்ட துணி மொறுமொறுன்னு இருக்கு."

அவள் குரலுக்குப் பின்னால்... தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது என்ன சத்தம்?"

"எது?"

லைன் சரியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய். 6:35. அதே கட்டம். அதே 84.3. புள்ளிக்குப் பின்னால் இருந்த மூன்றுகூட மாறவில்லை. பன்னிரண்டு வருட வேலையில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

போனில் மழை இன்னும் பலமாகக் கேட்டது. அதற்கு அடியில் வேறொரு சத்தம். கற்களை உருட்டிக்கொண்டு வரும் தண்ணீர்...

"ஏன்க்கா கத்துற?"

"நீ கத்துற, நானும் கத்துறேன்."

"ரெண்டு நாள் இங்க வந்து இரேன்."

"பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, இன்னும் நாப்பது சட்டை பாக்கி. உனக்கென்ன, ஏசியில உக்காந்து மழை அளக்குற!"

புதன். மறுபடியும் 84.3. வானத்தில் ஒன்றுமில்லை. போனில் மட்டும் அதே மழை.

எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'மூடி'. சந்தேகம் வந்தால் கட்டத்தை மூடச் சொல்வார். மூடிய கட்டத்தில் என்ன வந்தாலும் திரை பூஜ்யம்தான் காட்டும்.

"மூணு நாள் பொய் சொல்லியிருக்கு. தரைக்கோளாறுதான். மூடிடுப்பா."

போனில் மழை கேட்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சிரிப்பார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு என்பது பழமொழி. நான் வெள்ளம் வருமுன் கட்டத்தை மூடினேன். 6:51.

வியாழன். 6:35. பூஜ்யம். மனசு லேசானது. 6:40க்கு அக்காவைக் கூப்பிட்டேன். நான்கு நாளில் முதல் தடவையாக மழைச் சத்தம் இல்லை. லைன் அவ்வளவு சுத்தம்.

"டேய், இப்பக் கொட்டுதுடா! நெஜமாவே கொட்டுது!"

சிரித்துவிட்டேன். "போதும்க்கா, கலாய்க்காத."

"கேக்கலையா உனக்கு? தகரமே பிச்சுக்கும் போலிருக்கு..."

கேட்கவில்லை. ஒரு துளிகூடக் கேட்கவில்லை.

திரையைப் பார்த்தேன். பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைப் போட்டது யார்?

நான்.

மேகப் படத்தைத் திறந்தேன். வெள்ளை... முழு வெள்ளை. மூடிய கட்டத்துக்கு அடியில் இருந்த கணக்கைத் தேடி எடுத்தேன்.

84.3.

"அக்கா! மிஷினை விடு! மேட்டுக்கு ஓடு!"

"இரு, துணிய மட்டும் எடுத்துட்டு..."

6:44. லைன் போய்விட்டது.

சங்குக்கு ஒப்புதல் கொடுத்தேன். மூடிய கட்டத்துக்குச் சங்கு கிடையாது என்றது கணினி. திறக்கப் போனேன். கடவுச்சொல் கேட்டது. இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

ஓடை கரையை உடைத்தது 6:47.

சங்கு ஊதியது 6:52.

அதன் பிறகு நான் செய்ய ஒன்றுமே இல்லை. அவள் எண்ணை அடித்துக்கொண்டே இருந்தேன். முப்பது, நாற்பது தடவை இருக்கும்.

7:40க்கு அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார். அக்காவின் கணவர். பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. இரண்டு குடைகள் கொண்டுவந்திருந்தார்.

"என்ன மாப்ள, இங்க சொட்டு மழையக் காணோம்?"

அலுவலகம் இருக்கும் இந்த ஊரில் மழை பெய்து எழுபது நாள் ஆகியிருந்தது.

"உங்க அக்காதான் காலைல மொதப் பஸ்ல ஏத்தி விட்டா. மூணு நாளா நீ போன்ல பேசுறப்ப எல்லாம் உன் பின்னால அவளுக்கு மழை கேட்டுச்சாம். தண்ணி பொரண்டு வர்ற சத்தம் கேட்டுச்சாம். நீ பயந்துடுவேன்னு உங்கிட்ட சொல்லல. 'அவன் ஊருக்கு என்னமோ ஆகப்போகுது, கையோட கூட்டிட்டு வந்துடுங்க'ன்னு ஒரே அழுகை."

ஒரு குடையை என் பக்கம் நீட்டினார்.

"கெளம்பு. கடைசி பஸ் எட்டரைக்கு. அவ காத்துக்கிட்டிருப்பா."

அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. அறையில் என்னைத் தவிர, அவரிடம் சொல்ல வேறு யாரும் இல்லை.