சத்தத்துக்கு அசையாத குட்டி

நாய்க்குட்டிக்குக் காது கேட்கவில்லை என்பதை ஓசை எழுப்பிக் கண்டுபிடிப்பது கடினம். தட்டைத் தட்டினால் மற்றக் குட்டிகள் எழுந்து ஓடும். கேளாத குட்டியும் அவற்றைப் பார்த்து ஓடும். கதவை அறைந்து சாத்தினால் தரையின் அதிர்வு அதன் வயிற்றில் தெரியும். முதுகுக்குப் பின்னால் கைதட்டினால் காற்று படும். எங்கள் தாய்நாயின் அந்த ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றின் மேல் என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது கடியால்தான்.

குட்டிகள் விளையாட்டாக ஒன்றையொன்று கடிக்கும். வலித்த குட்டி கத்தும், கத்தல் கேட்டதும் கடித்த குட்டி விட்டுவிடும். இந்த ஒன்று மட்டும் விடுவதில்லை. மற்ற நான்கின் காதோரங்களிலும் பல் தடம் இருந்தது.

முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் வீடு. பழைய மாட்டுக் கொட்டகையைத் தடுத்து ராஜபாளையம் நாய்கள் வளர்க்கிறோம்: இரண்டு பெட்டை, ஒரு கடுவன். நாய்களின் பொறுப்பு முழுக்க அவளுடையது. நான் வீட்டிலிருந்தபடியே ஒரு பத்திரிகைக்குச் செய்தி திருத்துகிறேன்.

இந்த இனத்தில் பால் வெள்ளை உடலுக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் மதிப்பு அதிகம். அந்த வெள்ளையோடு சில ஈற்றுகளில் செவிடும் சேர்ந்து வரும். வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். வாங்க வருபவர் முன்னால் யாரும் பேசுவதில்லை. அப்படி ஒன்று பிறந்தால் தூரத்து ஆளாகப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஆற்றில் விட்டுவிடுவார்கள்.

அன்று காலை அவள் குட்டிகளை ஒவ்வொன்றாக மோட்டார் ரூமுக்குத் தூக்கிப்போய், மடித்த சாக்கின் மேல் தூங்கவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று பீப்பீ என்று கத்தும் ரப்பர் பொம்மையை அமுக்கினாள். நான்கு குட்டிகள் தலை தூக்கின. ஐந்தாவது தூக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். பிறகு பொம்மையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்தத் தோப்புக்காரரு இன்னைக்குத்தான வர்றேன்னாரு?"

"ஆமா. கெளம்பீட்டேன்னு போன் பண்ணுனாரு."

அவர் கயிறு கட்டியிருந்தது அந்தக் குட்டிக்கு.

எங்கள் பக்கத்தில் வாங்க ஒரு குட்டியைத் தேர்ந்துவிட்டால், கொண்டுபோகும் வரைக்கும் அடையாளமாக அதன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டுவார்கள். அவர் முதல் தடவை வந்தபோது வாசலில் அவருடைய புல்லட்டின் சைலன்சர் வெடித்தது. குட்டிகள் நாலு பக்கமும் சிதறித் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தன. இது மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரு ஓலைத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது. "இதுதானுங்க காவலுக்கு! பயம்னா என்னன்னே தெரியில பாருங்க" என்று அங்கேயே கயிற்றைக் கட்டிவிட்டார். மாங்காய்க் காலத்தில் அவர் குத்தகைத் தோப்புக்குள் லாரிகள் நாள் முழுக்கப் பின்னோக்கி வந்தபடி இருக்கும். காது கேளாத நாய் அங்கே ஒரு பருவத்தைத் தாண்டாது.

"மூக்குக் கறுத்திருச்சுன்னு சொல்லி வேற குட்டியக் காட்டலாம்" என்றேன்.

"கண்ணு முன்னால மூக்கு செவப்பா நிக்குதுங்க. உள்ளதத்தான் சொல்லணும்."

"சொன்னா மத்த நாலையும் கேட்டவங்க ரோசனை பண்ணுவாங்க."

"தெரியுங்க" என்றாள். அதற்குள் புல்லட் சத்தம் கேட்டது. தாய்நாய் குரைத்தது. குட்டிகள் திரும்பின. ஐந்தும்தான்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு, வண்டியின் பக்கப் பெட்டியில் குட்டிக்கென்று ஒரு புதுக் கழுத்துப்பட்டை. தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே கொட்டகைக்குப் போனார். அவள் குறுக்கே நின்றாள்.

"அண்ணா, அந்தக் குட்டிக்குக் காது கேக்குலீங்க. வேற ஒண்ணு எடுத்துக்கோங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனம்மிணி, எங்கூட்டுப் பையன நாலு தடவ கூப்புட்டாலும் திரும்பறதில்லீங்க. அவஞ் செவுடா?"

"வெளையாட்டுக்குச் சொல்லுலீங்ணா."

அவர் வண்டிக்குப் போய் ஹார்னை அழுத்தினார். தாய் வாசல் பக்கம் தலையைத் திருப்பியது. கயிறு கட்டிய குட்டி தாயைப் பார்த்தது. தாய் பார்த்த பக்கம் தானும் பார்த்தது.

"அங்க பாருங்க! எப்பிடித் திரும்புச்சு?"

"அம்மாளப் பாத்துத் திரும்புதுங்க."

"அன்னைக்கு வண்டி வெடிச்சப்ப எல்லாம் ஓடுச்சு, இது உக்காந்திருந்துச்சே. அதுக்கென்ன சொல்றீங்க?"

"அதைத்தானுங்ணா நானுஞ் சொல்றேன்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது அப்போதுதான். வாடிக்கையாளரிடம் குறையை மறைத்து மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி நிறையச் செய்தி திருத்தியிருக்கிறேன். குறையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் ஒருவர் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

"கோயமுத்தூருக்காரன் எவனோ வந்து பாத்திருக்கான்" என்றார். "செவப்பு மூக்கு இது ஒண்ணுதான். நேராச் சொல்லீருங்க அம்மிணி. நாங் கயிறு கட்டுன குட்டிய இன்னொருத்தனுக்குக் குடுக்கறதுக்கு, பாவம், அதச் செவுடுன்னு சொல்லாதீங்க."

"யாருக்குங் குடுக்குலீங்ணா."

"அப்ப எனக்குக் குடுங்க. செவுடோ குருடோ, நாம் பாத்துக்கறேன்."

அவர் கொட்டகைத் தட்டியைத் திறந்து உள்ளே கை நீட்டினார். தாய் உறுமியது. கையை எடுத்துக்கொண்டார். அவர் சரி என்று ஒரு நொடியில் தூக்கிக்கொண்டு போய்விட்டால் எங்கள் வேலை முடிந்தது. நாங்கள் சொல்லாமல் விட்டதாக ஆகாது. அது என் மனதில் ஓடியது. அவள் மனதிலும் ஓடியிருக்கும்.

"தோப்புல பன்னி முடுக்கப் பட்டாசு வெச்சிருப்பீங்கல்ல?" என்று கேட்டாள்.

"பொட்டியிலயே கெடக்குதுங்க."

"எடுத்துட்டு வாங்க."

நான்கு குட்டிகளையும் தாயையும் நான் வீட்டின் மறுபக்க அறைக்குக் கொண்டுபோய் அடைத்தேன். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டோம். அவள் இரண்டு சாக்கை மடித்து மடியில் வைத்து, அதன் மேல் குட்டியைப் படுக்கவைத்தாள். தரையின் அதிர்வு ஏறக் கூடாது என்று கால்களைக் கட்டிலின் மேல் மடக்கிக்கொண்டாள். பால் குடித்த வயிறு. தடவிக் கொடுக்கக் கொடுக்க அது தூங்கிவிட்டது. அவர் சற்றுத் தள்ளிக் குத்துக்காலிட்டுப் பட்டாசைக் கையில் வைத்தபடி அது தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வெக்கறது?"

"தொட்டிக்கு அந்தப் பக்கம். காத்து அடிக்காம."

சிமென்ட் தொட்டிக்குப் பின்னால் போனார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சோதனை குட்டிக்கு மட்டுமல்ல. அவள் திடுக்கிட்டால் தொடை ஆடும்; தொடை ஆடினால் குட்டி விழிக்கும்; விழித்தால் காது கேட்கிறது என்றாகிவிடும். கயிறு கட்டியவர் சந்தோஷமாகக் கொண்டுபோவார். மற்ற நான்கையும் கேட்டவர்கள் வருவார்கள். அவள் ஒரு தடவை திடுக்கிட்டால் போதும். பட்டாசுக்குத் திடுக்கிட்டதற்காக யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள்.

தூங்குகிற குட்டியின் மேலிருந்து அவள் கையை எடுத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வெடித்தது. நான் எதிர்பார்த்துத்தான் நின்றேன். ஆனாலும் தோள் தூக்கிப்போட்டது. மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. உள் அறையில் தாய் கதவைப் பிறாண்டியது, குட்டிகள் ஊளையிட்டன. அவள் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். குட்டியின் வயிறு முன்போலவே ஏறி இறங்கியது.

அவர் தொட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அசந்து தூங்குதுங்க" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இன்னொண்ணும் வைங்ணா."

"வேண்டாமுங்க அம்மிணி..."

"வைங்க. அப்பறம் சந்தேகம் உங்க மனசுல நிக்கும்."

இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக வெடித்தது. சட்டத்தைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்தன, மடி அசையவில்லை. குட்டியும் அசையவில்லை. ஓட்டின் மேல் பட்டாசுக் காகிதம் விழுகிற சத்தம்கூடக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் புகை மெதுவாகக் கட்டில் பக்கம் நகர்ந்து வந்தது. குட்டியின் மூக்கு சுருங்கியது. தும்மியது. அந்தத் தும்மலில்தான் விழித்துக்கொண்டது. தலையைத் தூக்கி, எல்லோரும் எங்கே போனார்கள் என்பதுபோல அக்கம்பக்கம் பார்த்தது.

அவர் வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றார். குட்டியின் நெற்றியை ஒரு விரலால் தடவினார். அது விரலைக் கடித்தது. அவர் "ஆ" என்றார். அது விடவில்லை. அவள் வாயைப் பிரித்து எடுத்துவிட்டாள்.

"தைரியம்னு நெனச்சுட்டேனுங்க" என்றார். பிறகு, "இத என்ன பண்ணுவீங்க? ஆத்துல..." என்று நிறுத்தினார்.

அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு சாக்குகளை உதறினாள்.

"வேற ஒண்ணு பாக்கறீங்களா?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் சத்தத்துக்கு ஓடுதுங்களே."

"ஓடறதுதானுங்ணா நல்ல குட்டி" என்றாள் அவள். "இதோட தாய் தகப்பன் சோடிய இனி நாஞ் சேக்க மாட்டேன். மத்த நாலையும் யாரு வந்து கேட்டாலும் இதையுங் காட்டித்தான் குடுப்பேன். வேணும்னா நாளைக்கு வந்து பாருங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். எங்கள் கேட் பகலில் எப்போதும் திறந்தே கிடக்கும். வருகிறவர் போகிறவர் யாரும் அதைத் தொடுவதில்லை. அவர் வண்டியை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு இறங்கியபோது, குட்டியை இடுப்பில் இடுக்கியபடி அவள் வாசல் வரை போனாள்.

"கேட்டச் சாத்தீட்டுப் போங்ணா" என்றாள். "இனி இது தெறந்து கெடந்தா ஆவாதுங்க. ரோட்டுக்கு வந்துச்சுன்னா இதுக்கு வண்டி வர்றது தெரியாது."

அவர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். துருப்பிடித்த கொண்டி லேசில் இறங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தி இறக்கி, ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.