மாப்பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்?

போன மாதம் செமினி பட்டணத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். நான், என் கணவர், மகன் கவின், மகள் நிலா. பெண்ணின் பெயர் கயல். பார்மசிஸ்ட். கவினும் அவளும் இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள், இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் போய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி — அப்படித்தான் நினைத்தேன்.

பெண்ணின் அம்மா சோபாவில் உட்கார்ந்து எங்களோடு நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். உளுந்து வடையும் காப்பியும் கொண்டு வந்தவர் பெண்ணின் அப்பா. தோளில் கை துடைக்கும் துணி வேறு. ‘பாவம் மனுஷன்!’ என்று மனசுக்குள் உச்சுக்கொட்டினேன். வடை என்னவோ மொறுமொறுவென்று இருந்தது.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே...

“கயல் நல்லா சமைப்பாளா?” என்று கேட்டேன்.

பெண்ணே பதில் சொன்னாள். “சமைப்பேன் ஆன்டி. துணி துவைப்பேன், வீடு கூட்டுவேன். கவினுக்கு என்னென்ன தெரியும்?”

என் கணவர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற காரை உற்றுப் பார்த்தார். எங்கள் கார்தான்.

கவின் தொண்டையைச் செருமினான். “நான் அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணுவேன்.”

“என்ன ஹெல்ப்?”

“குப்பையைக் கீழ கொண்டு போய்ப் போடுவேன்...”

“மூணு தடவை கூப்பிட்டா,” என்றாள் நிலா.

“வாஷிங் மெஷின் போடத் தெரியுமா?” கயல் விடவில்லை.

“மேனுவல் பார்த்தா தெரிஞ்சிடும் லா.”

கவின் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் என்ஜினியர். லோரி அளவு இயந்திரங்களைக் கழற்றி மாட்டுகிறவன். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை மட்டும் இருபத்தொன்பது வயது வரை தொட்டதில்லை. அது பெண்கள் தொடும் இயந்திரமாயிற்றே!

கயல் கோபப்படவில்லை. “ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம் ஆன்டி. வீட்டுக்கு வந்ததும் நான் மட்டும் இன்னொரு வேலை பார்க்கணும்னா என்னால முடியாது. இவரைப் பிடிச்சிருக்கு. அதனாலதான் இப்பவே கேக்கறேன்.”

நான் ஏதோ சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் பெண்ணின் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக முந்திக்கொண்டார்.

“நீங்கதானேம்மா பேப்பர்ல ‘மகனுக்கும் கரண்டி கொடுங்கள்’னு கட்டுரை எழுதினது? இவ அம்மா அதை வெட்டி பிரிட்ஜ்ல ஒட்டிட்டா. தண்ணி எடுக்கப் போறப்பெல்லாம் கண்ணுல படும். வேற வழியில்லாம சமைக்கக் கத்துக்கிட்டேன். இந்த வடைகூட உங்களாலதான்!”

கையில் இருந்த பாதி வடையைத் தட்டில் வைத்தேன்.

என் எழுத்தால் ஒரு குடும்பமாவது திருந்துமா என்று பல வாரம் கவலைப்பட்டிருக்கிறேன். திருந்தியிருக்கிறது, வாசகர்களே. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் பார்க்கலாம்.

“யோசிச்சுச் சொல்றேன் ஆன்டி,” என்று மரியாதையாகச் சொல்லி எங்களை அனுப்பி வைத்தாள் கயல்.

திரும்பும் வழியில் கார் காஜாங்கைத் தாண்டியது. பிறகு கவின் கேட்டான்.

“ஏம்மா எனக்கு ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கல?”

“நீ படிச்சுக்கிட்டு இருந்தே லா, கண்ணு...”

“அண்ணன் எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதறப்ப நான்தான் சோறாக்கினேன்,” என்றாள் பக்கத்தில் இருந்த நிலா. “நான் எஸ்.டி.பி.எம். எழுதறப்பவும் நான்தான் சோறாக்கினேன்.”

வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

“அந்தக் கரண்டிக் கட்டுரை எழுதின அன்னிக்குக்கூட. ‘ஆறு மணிக்குள்ள அனுப்பணும், நீயே பார்த்துக்க’ன்னு சொன்னீங்க. மறுநாள் எனக்குக் கெமிஸ்ட்ரி.”

எனக்கு நினைவிருந்தது. அன்று மீன் குழம்பு. ஆண்பிள்ளைகளைச் சமையலறைக்குள் அனுப்புங்கள் என்று ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டு, அதே கையால் அந்தக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன். “பிரமாதம்டி” என்று பாராட்டுக்கூடக் கொடுத்தேன்.

மிச்ச வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

மறுநாளே கவின் வேலையில் இறங்கினான். என்ஜினியர் அல்லவா? முதலில் அட்டவணை. சமையல், துணி, கழிவறை, மாப் — நான்கு பேர் பெயரும் போட்டுச் சுவரில் ஒட்டினான். என் கணவர் அதை நின்று முழுவதும் படித்தார். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார். அது அவருடைய பங்கு.

கவின் வெங்காயம் நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கும். நறுக்கி முடிக்கத்தான் அரை மணி நேரமாகும். குக்கர் முன்னால் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு நிற்பான். அவனால் எனக்குத் தொந்தரவில்லை. என்னால்தான் அவனுக்குத் தொந்தரவு. “நகரு, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன்” என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை உள்ளே புகுந்திருப்பேன்! அவன் கழுவி வைத்த சட்டியை, அவன் குளிக்கப் போனதும் எடுத்துத் திரும்பக் கழுவினேன். துண்டை மறந்து திரும்பி வந்தவன் பார்த்துவிட்டான்.

“ம்மா, நான் கழுவினதை நீங்க மறுபடியும் கழுவினா, நான் எதுக்குக் கழுவணும்?”

நியாயமான கேள்வி. நிலா என் கையைப் பிடித்து இழுத்து வந்து ஹாலில் உட்கார வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து என் நாத்தனார் வந்தார். உள்ளே நுழையும்போது கவின் மாப்போடு நின்றுகொண்டிருந்தான். நாத்தனார் முகம் வெளிறிவிட்டது. என் காதோரம் வந்து, “என்ன அண்ணி... புள்ளைக்கு வேலை போயிருச்சா?” என்றார்.

மேடையேறிப் பேசச் சொன்னால் அரை மணி நேரம் முழங்கியிருப்பேன். அந்த நிமிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

“எனக்கு இடுப்பு வலிங்க. அதான் பாவம், அவன்...”

சொன்ன பாவத்துக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தேன். கவின் மாப்பை நிறுத்தினான். “அம்மாவுக்கு ஒரு வலியும் இல்ல அத்தை. நான் இருக்கற வீடு, நான் துடைக்கறேன்.”

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் கையை இடுப்பிலிருந்து எடுத்தேன். வெட்கமாக இருந்தது. அவனை நினைத்தல்ல.

ஐந்தாவது வாரம் கயல் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டோம். சோறு, சாம்பார், நெத்திலி சம்பல், முட்டைக்கோஸ் பிரட்டல் — எல்லாம் கவின். காலையிலேயே தனியாகப் பாசாருக்குப் போய்க் காய்கறி, மீன் எல்லாம் வாங்கி வந்தான். சமையலறைப் பக்கம் என்னை யாரும் விடவில்லை. பரிமாறியதும் அவன்தான்.

கயல் ஒரு வாய் சாப்பிட்டாள். “சாம்பார்ல உப்பு கம்மி.”

நான் கவினைப் பார்த்தேன்.

“ஆமா லா, பயந்து பயந்து போட்டேன்,” என்றான் கவின்.

அவள் சிரித்துவிட்டாள். உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு கரண்டி சாம்பாரும் கேட்டாள். அவளுடைய அப்பா சம்பலுக்கு அளவு கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார். தை மாதம் கல்யாணம்.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் நிலாதான் எழுந்து தட்டுகளை அடுக்குவாள். அன்று அவள் சோபாவில் சாய்ந்து, காலைத் தூக்கி மேசைமேல் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

“எனக்கு ஒரு டீ வேணும்,” என்றாள் பொதுவாக.

இருபத்தாறு வருடத்தில் அவள் எங்களிடம் டீ கேட்டதாக நினைவில்லை. கவின் கையெல்லாம் சோப்பு நுரை. நான் எழப் போனேன். என் கணவர், “நீ உட்காரு” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“நிலா... டீத்தூள் எங்கம்மா இருக்கு?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “தேடுங்கப்பா.”

பத்து நிமிடம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை.