முதல் வளையல் போட்டவள்

எங்கள் குடும்பத்தில் வளைகாப்புக்கு முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும். நானும் நாத்தனார்தான். ஆனால் புருஷன் வேண்டாமென்று வந்து செகந்தராபாத்தில், அல்வால் பக்கம் தனியாகக் குடியிருக்கிற நாத்தனார். ஒன்பது வருஷமாக எந்த விசேஷத்திலும் யாரும் என் கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்ததில்லை. மாரெட்பள்ளிச் சொந்தக்காரர்கள் வாய் நிறைய "வாம்மா" என்பார்கள். ஆரத்தித் தட்டை மட்டும் எனக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைப்பார்கள். போங்கடி என்று நானும் போவதை நிறுத்திவிட்டேன்.

தம்பி பெண்டாட்டி விடவில்லை. "அக்கா, முதல் வளையல் நீங்கதான் போடறீங்க. இல்லேன்னா எனக்கு வளைகாப்பே நக்கோ!" என்று போனில் கத்தினாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்தராபாத், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பாள், அவள் பேச்சு அப்படித்தான். போனை வைத்துவிட்டு அழுதேன்.

வளைகாப்பன்று காலையில் எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, தொண்டை கரகரவென்றது. ஊரெல்லாம் பன்றிக் காய்ச்சல் என்று டிவியில் அலறிக்கொண்டிருந்த சமயம். பன்றியைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகிறது, எனக்கு எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! மாத்திரை போட்டேன், காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. இனி யாருக்கும் ஒட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பட்டுப்புடவை கட்டி, குகட்பள்ளியில் தம்பி வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஒன்பதாம் மாச வயிற்றோடு மணையில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து கன்னத்தில் சந்தனம் பூசினேன். வளையல் போட்டேன். நடுவில் இருமல் வந்தது. உள்ளங்கையில் இருமிவிட்டு, அதே கையால் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினேன். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அவளுக்கு இருமல். பக்கத்துக் கிளினிக்கில், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார்களாம். தம்பி இல்லை என்றிருக்கிறான், இருமல் டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் இதைப் போனில் சொன்னபோது நான் போர்வைக்குள் கிடந்தேன். "எனக்கு இருந்தது" என்று இரண்டே வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அதான் அவளைக் கூப்பிட வேண்டாம்னோம்' என்பார்களே என்று கம்மென்று இருந்துவிட்டேன். பாவி.

நான் நாலு நாளில் எழுந்து கஞ்சி குடித்தேன். அவளை அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. வராந்தாவில் நின்ற எங்களிடம் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். இது பன்றிக் காய்ச்சல்தான், ஆனால் இப்போது மனுஷரிடமிருந்து மனுஷருக்குத்தான் வருகிறது. இருமினால், தும்மினால் தெறிக்கிற துளியில் இருக்கும், அது பட்ட கையிலும் இருக்கும். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாளே ஒட்ட ஆரம்பித்துவிடும். மாத்திரையில் சூடு குறையும், ஒட்டுவது நிற்காது. முக்கால்வாசிப் பேருக்குத் தானே சரியாகிவிடும். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படியில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மாறியிருக்கும், வயிறு வேறு நுரையீரலை நெருக்கிக்கொண்டிருக்கும். கிருமி நுரையீரலுக்குள் இறங்கி நீர் கோத்துவிட்டால் மூச்சுக்கு இடமில்லை. "முதல் ரெண்டு நாள்லயே இதுக்கான மருந்தை ஆரம்பிச்சிருந்தா..." என்று நிறுத்திவிட்டார்.

குழந்தையை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். அது பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு தம்பியிடம் சொல்லிவிட்டேன். கன்னத்தில் அறைவான், வீட்டை விட்டுப் போ என்பான் என்று நினைத்தேன். அவன் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே, "தெரியும்" என்றான்.

"தொண்டையில ட்யூப் போடறதுக்கு முன்னாடி சொன்னா. சந்தனம் பூசறப்பவே அக்கா கை கொதிச்சுதாம். எழுந்து போங்கன்னா அத்தனை பேர் எதிர்ல அக்கா மூஞ்சி என்னாகும்னு பேசாம இருந்துட்டாளாம்."

உள்ளே குழந்தை அழுதது. நான் எழுந்தேன்.

"நீ இரு" என்று சொல்லிவிட்டு அவனே போனான்.