முன்னால் ஓடுபவளின் மணி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. சட்டத்தில் கச்சிதமாக உட்காரும்வரை விளிம்பைத் தேய்க்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான். மறுபடி பந்தயத்தில் ஓடப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் முதலாளி, "நாளெல்லாம் நிக்கிறது பத்தலையாம்மா?" என்றார்.

குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். ஏற்றிவிட்டது மதிப்பெண் அல்ல, ஓட்டம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் அது. பட்டம் கைக்கு வந்தது. பிறகு வேலை, கல்யாணம், குழந்தை என்று வரிசையாக வந்ததில் ஓட்டம் மட்டும் கழன்றுகொண்டது. இருபத்தெட்டு வயதில் பழைய ஓட்டச் சங்கத்தின் வாசலில் போய் நின்றாள்.

"ஐயாயிரம் மீட்டர் ஓடு. ஆறு பேருக்குள்ள வந்தா அணியில எடுத்துக்கிறேன். வரலைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்றார் பயிற்சியாளர்.

அணியில் இருந்தால்தான் பெரிய போட்டிகளுக்குப் பெயர் போகும். இல்லையென்றால், உடம்பு இளைக்க ஓடுகிறவர்களில் அவளும் ஒருத்தி.

தேர்வுப் போட்டியன்று எண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் கேட்டாள்: "அக்கா, நீங்க யாரோட வந்திருக்கீங்க?"

"உன்னோட ஓட வந்திருக்கேன்."

"ஐயோ, சாரிக்கா."

பன்னிரண்டரைச் சுற்று. பாதியிலேயே மூச்சு தன் பேச்சைக் கேட்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏழாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். ஐந்தாவதும் ஆறாவதும் கைக்கெட்டும் தூரத்தில். அப்போது முதலாவதாக ஓடிய பெண் ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடிவந்து அவளைக் கடந்தாள். கடைசிச் சுற்று மணி அடித்தது.

கால்கள் தாமாகப் பறந்தன. ஆறாவதைத் தாண்டினாள், ஐந்தாவதைத் தாண்டினாள். இருந்ததையெல்லாம் வழித்துக் கொட்டிக் கோட்டைத் தொட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, நிக்காதே! உனக்கு இன்னொரு சுத்து இருக்கு" என்று கத்தினார் சுற்று எண்ணும் அலுவலர்.

கல்லூரி நாட்களில் எப்போதும் அவள்தான் முதலில் ஓடுவாள். முன்னால் ஓடுபவளுக்கு அடிக்கும் கடைசிச் சுற்று மணி அவளுக்காகத்தான் அடிக்கும். அவள் சுற்றுகளை எண்ணியதே இல்லை. அந்த மணி இன்னொருத்திக்கு உரியதாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை. அவள் தாண்டிவந்த இருவரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார்கள்.

மிச்சச் சுற்றையும் ஓடினாள். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஏழாவதாக முடித்தாள்.

பயிற்சியாளர் அருகில் வந்தார். "ஆறுன்னு சொல்லியிருந்தேன்."

"தெரியும் சார்."

"மணி அடிச்சப்ப என்னம்மா அவசரம்?"

"பழக்கம் சார்."

அடுத்த தேர்வு மழைக்காலம் முடிந்த பிறகுதான்.

தண்ணீர் கேன் வண்டி ஓட்டும் கணவன் வேலியோரம் காத்திருந்தான். "நீ நின்னதும் நான் கை தட்டிட்டேன். பக்கத்துல இருந்தவன் என்னை ஒரு மாதிரி பாத்தான்."

அவள் ஷூவைக் கழற்றிக் கால் விரல்களை அமுக்கிவிட்டாள்.

"அடுத்த தடவை வளைவுல வந்து நில்லுங்க. எனக்கு எத்தனை சுத்து பாக்கின்னு ஒவ்வொரு தடவையும் கத்தணும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து இப்பதான் என்னைக் கத்தச் சொல்றே" என்றபடி அவன் வண்டியை எடுக்கப் போனான்.