மேல்வீட்டுக்காரரின் வாளி

பதினெட்டு டன் இரும்பை நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து இறக்கி, தரையில் சாக்கட்டியால் போட்ட கோட்டின் மேல் சத்தமில்லாமல் உட்கார வைக்கத் தெரிந்த ஒரு கை, பிஸ்கட் தட்டுக்கு முன்னால் மட்டும் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? மன உறுதி என்பது ஒரு மனிதனிடம் ஒன்றுதானா, இல்லை வேலைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறதா? புத்தகங்களில் இதற்கு நிறையப் பதில்கள் உண்டு. படித்த வரையில் எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை. அந்தக் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டியவரை நினைக்கும்போதெல்லாம் கேள்வி மட்டும் புதிதாகத் திரும்பி வருகிறது.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலை ஏழு மணிக்கு ஏணியில் கால் வைத்தால் மாலை மூன்றரைக்குத்தான் தரையில் கால் படும். நூற்று முப்பத்திரண்டு படி. அதனால் மேல்வீட்டுக்காரர். அவருடைய வீடு ஒரு கண்ணாடிக் கூண்டு: ஒரு இருக்கை, இரண்டு பக்கமும் இரண்டு லிவர், ஒரு சின்ன மின்விசிறி, ஆணியில் ஒரு துண்டு. காலடியிலும் கண்ணாடிதான். குனிந்தால் தளம் முழுக்கத் தெரியும். மனிதர்கள் தலையும் தோளுமாகத்தான் தெரிவார்கள், முகம் தெரியாது.

கீழே அவருக்குக் கண்ணாக இருந்தவர் சிட்டு. சரக்கைக் கொக்கியில் மாட்டி, விசிலாலும் கைச் சைகையாலும் மேலே வழி சொல்கிற ஆள். ஒரே மூச்சில் ஆறு பன் தின்பார். உடம்பில் ஒரு பிடி சதை ஒட்டாது. மேல்வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றால் அவர் நிழலிலேயே சிட்டு காணாமல் போய்விடுவார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதில் ஏறி இறங்கவே பாதிக்கு மேல் போய்விடும் என்பதால் கிரேன்காரர்கள் மேலேயே சாப்பிடுவது வழக்கம். கேபினிலிருந்து ஒரு கயிறு தொங்கும். கயிற்றின் நுனியில் ஒரு நீல வாளி. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் சிட்டு சாப்பாட்டு டப்பாவை வாளிக்குள் வைத்து ஒரு விசில் கொடுப்பார். வாளி ஆடி ஆடி மேலே போகும். நான் வேலை பார்த்த நேரக்கணக்கு அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் நிழல் எதிர்ச் சுவரில் ஏறுவது தெரியும். இன்றைக்கும் பன்னிரண்டு மணி என்றால் எனக்கு அந்த நிழல்தான்.

டப்பா மட்டும் போயிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. தளத்தில் யாருக்கு நல்லது நடந்தாலும் தின்ன ஏதாவது வரும். வெல்டருக்குக் குழந்தை பிறந்தால் கேக், ஃபிட்டரின் மகன் பாஸானால் ஒரு பெட்டி பிஸ்கட். கீழே ஆளுக்கொரு துண்டு. மேல்வீட்டுக்காரருக்கு மட்டும் இரண்டு. "பாவம், அவரு வந்து கை குலுக்க முடியாதுல்ல" என்பார்கள். வாளி மேலே போய்ச் சேர்ந்ததும் கேபின் விளக்கு இரண்டு தடவை மின்னும். அதுதான் அவர் வாழ்த்து.

"கீழ நடக்கற நல்லது எல்லாம் எனக்கு வாளியில வந்தாத்தான்யா தெரியும்" என்று அவரே சொல்வார்.

பதின்மூன்று வருடத்து நல்லதுகள் சேர்ந்து நூற்றுப் பதினாலு கிலோ ஆயின.

அந்த வருடம் ஏணியோரமாக ஒரு பாதுகாப்புக் கம்பி கட்டினார்கள். இடுப்புப் பெல்ட்டை அதில் கோத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். கால் வழுக்கினால் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் நூறு கிலோவுக்கு மேல் அது பொறுப்பேற்காது. தளத்து டாக்டரம்மா அவரை எடை மேடையில் நிறுத்தினார். முள்ளைப் பார்த்துவிட்டு அவரையும் ஒரு தடவை பார்த்தார்.

"பூட்ஸ், பெல்ட், கருவி எல்லாம் சேர்த்து நூறு. அதுக்கு மேல ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது."

"இல்லேன்னா?"

"ஆறு மாசம் டைம் தர்றேன். அதுவரைக்கும் ஏறலாம், பார்த்து ஏறுங்க. அப்புறமும் எடை இறங்கலேன்னா உங்களை ஸ்டோர் ரூமுக்கு மாத்திடுவாங்க."

ஸ்டோர் ரூம் ஜன்னல் இல்லாத அறை. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவனுக்கு போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். வெளியே வந்தவர் சிட்டுவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அங்க உட்கார வெச்சா நான் செத்துருவேன்யா."

டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்திருந்தார். நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி. காலையில் இரண்டு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் வெள்ளரிக்காய். மதியம் சூப், வேகவைத்த காய், ஒரு கைப்பிடி பயறு. ராத்திரிக்கும் ஏறக்குறைய அதே. அவர் மனைவி துணி தைப்பவர்; அளவு விஷயத்தில் கறார். தாளைத் தையல் மெஷினுக்கு மேல் ஒட்டிவைத்து, பயறைக்கூட நிறுத்துத்தான் போட்டார்.

சிட்டு வாளிக்குக் காவல் நின்றார். "மேல்வீட்டுக்கு டப்பா மட்டும்தான். கேக்கு, கீக்குன்னு யாராவது வந்தீங்க, நானே தின்னுடுவேன்." சொன்னபடி தின்னவும் செய்தார். சிலருக்கு வருத்தம்தான். ஆனாலும் ஏழு வாரத்தில் முள் நூற்று ஐந்துக்கு வந்தது. மேல்வீட்டுக்காரர் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார்.

எட்டாவது வாரம் பெயிண்டர் வந்தார். அவர் மனைவி நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து அன்றைக்குத்தான் வீடு திரும்பியிருந்தார். கையில் கேக் பெட்டி, கண்ணில் தண்ணீர். "அண்ணே, இந்த ஒரு தடவை மட்டும் மேல அனுப்புங்கண்ணே" என்றார். சிட்டுவால் மறுக்க முடியவில்லை. மேலே போன இரண்டு துண்டும் தீர்ந்தன. விளக்கு மின்னியது.

அத்தோடு நின்றிருந்தால் அது இரண்டு துண்டு கேக்தான். ஆனால் அவர் மனதில் அந்த நாளே பாழாகிவிட்டது. பாழான நாளில் இனி எதைத் தின்றால் என்ன? மாலை வாசல் கடையில் மூன்று பன், வீட்டில் பிஸ்கட் டப்பாவில் பாதி. மறுநாள் பரிகாரம்: தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அதற்கு மறுநாள் மாலை ஒரு முழு ரொட்டியை, வெட்டக்கூடப் பொறுமையில்லாமல், பிய்த்துத் தின்றார். அதற்கும் பரிகாரம். இப்படியே நாலு வாரம் போனது. முள் நூற்று ஏழு, நூற்று ஆறு, நூற்று எட்டு என்று அலைந்தது. வாயைக் கட்டுவதும் அவிழ்த்து விடுவதும் அவருக்கு ஒரே வேகத்தில் நடந்தன. கண்ணாடி முன்னால் நின்று தன்னையே திட்டிக்கொள்வதை மனைவி இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

மூன்றாவது மாதக் கடைசியில், ஒரு பட்டினி நாளன்று, காலை பதினோரு மணிக்கு ஒரு இரும்புத் தகட்டைத் தூக்கினார். காற்றில் தகடு ஆட ஆரம்பித்தது.

இதில் ஒரு விஷயம் புரிய வேண்டும். தொங்குகிற சரக்கு ஆடினால், அதை எதிர்ப்பக்கம் இழுக்கத்தான் எவனுக்கும் தோன்றும். இழுத்தால் ஆட்டம் இன்னும் பெரிதாகும். சரக்கு போகிற பக்கமே கிரேனையும் கொஞ்சம் கூடக் கொண்டுபோய், அதன் தலைக்கு நேர் மேலே நின்றுவிட வேண்டும். ஆட்டம் தானாக அடங்கும். இதில் மேல்வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கு அவர் எதிர்ப்பக்கம் இழுத்தார். இழுத்ததும் தகடு ஒரு பெரிய வீச்சு வீசி, பெயிண்டர் ஒரு நிமிடம் முன்பு நின்றிருந்த சாரத்தை ஒரு சாண் இடைவெளியில் தாண்டிப் போனது. சிட்டு விடாமல் விசில் ஊதினார். தகடு எப்படியோ தரைக்கு வந்தது.

பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். சிட்டு ஏணியடிக்கு ஓடினார்.

"யோவ், என்னய்யா ஆச்சு உனக்கு?"

"தலை சுத்திடுச்சு."

"ஏன் சுத்துது?"

"நேத்துலேர்ந்து எதுவும் சாப்பிடல."

"ஏன் சாப்பிடல?"

"முந்தாநாள் சாப்பிட்டுட்டேன்."

சிட்டு கத்தினார். "நீ முந்தாநாள் தின்னதுக்கு பெயிண்டர் இன்னைக்குச் சாகணுமா? அந்த ஆளு பொண்டாட்டி பொழைச்சு வந்து மாசம் ஒண்ணுதான்யா ஆகுது! ஆடற சரக்கைப் போய் எதிர்ப்பக்கம் இழுக்கறே, நேத்து சேர்ந்தவன் மாதிரி. புதுசா வர்றவனுக்கு மொத நாளே என்ன சொல்லுவே? சொல்லு, இப்போ சொல்லு."

"அது போற பக்கமே கூடப் போகணும்."

"போயி?"

"தலைக்கு மேல நின்னா... அதுவா அடங்கிடும்."

"தெரியுதுல்ல? அப்புறம் என்ன எழவுக்கு இழுத்தே?"

மேல்வீட்டுக்காரர் பக்கத்தில் கிடந்த கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தார். சிட்டு கடைசியாகப் பேசியது இரும்புத் தகட்டைப் பற்றி மட்டும்தான். வேறெதையும் அவர் நினைக்கவில்லை என்று பின்னால் அவரே சத்தியம் செய்தார். ஆனால் கேட்டவர் காதில் அது வேறு எங்கேயோ போய் உட்கார்ந்திருக்க வேண்டும். "நாலு வாரமா அதைத்தான்யா பண்ணிட்டிருக்கேன்" என்றார். சிட்டுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "போய் ஏதாவது தின்னுட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் குடும்பத்தோடு வந்தார், கேக்கோடு. மேல்வீட்டுக்காரர் மூன்று துண்டு சாப்பிட்டார். மறுநாள் காலை என்ன நடக்கும் என்று மனைவிக்குத் தெரியும். அடுப்பைப் பற்றவைக்காமலே தைக்க உட்கார்ந்துவிட்டார்.

"என் முட்டை எங்க?"

"என்னங்க, நேத்து அவ்வளவு சாப்பிட்டீங்களே, இன்னைக்கு விரதம் இல்லையா?"

"நேத்து தின்னது நானு. அதுக்கு இன்னைக்கு முட்டை என்ன பண்ணும், பாவம்."

இரண்டு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, வெள்ளரிக்காய். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மதியமும் தாளில் இருந்தபடியே. அதற்குப் பிறகும் அவர் சறுக்கினார். அடுத்த மாதம் ஒரு மழை நாளில் ஐந்து பன் தின்றதை அவரே சிட்டுவிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் ஐந்து பன்னுக்கு அடுத்த வேளை, தாளில் உள்ள வேளையாகவே இருந்தது. தண்டனையும் கிடையாது, சலுகையும் கிடையாது. சறுக்கல்கள் நின்றுபோகவில்லை; சிறிதாகின. இதைப் பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதர் தன் கைக்குத் தெரிந்ததைத் தன் வாய்க்கும் தெரியப்படுத்தினார். ஆனால் அதைச் செய்தவர்கள் என்று எண்ணினால் எனக்கு இரண்டாவது பெயர் வரவில்லை.

ஆறு மாதக் கெடு ஒரு திங்கட்கிழமை முடிந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை முள் நூற்றுக்கு மேல் ஒரு கோடு தள்ளி நின்றது. சிட்டு பதறிப் போனார். "மூணு நாள் தண்ணி குடிக்காதே. பெல்ட்டுல இருக்கற ஸ்பானரைக் கழட்டி எங்கிட்ட குடு. என் மச்சான்கிட்ட லேசான பூட்ஸ் இருக்கு, வாங்கிட்டு வர்றேன்."

"உன் மச்சான் காலு என் பெருவிரல் சைஸுய்யா."

திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல முட்டை சாப்பிட்டார். வழக்கமான பூட்ஸ், பெல்ட், அதில் மூன்று ஸ்பானர். மேடையில் ஏறினார். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். தொண்ணூற்று ஒன்பது கிலோ, அறுநூறு கிராம்.

வெளியே காத்திருந்த சிட்டு எடையைக் கேட்டதும் சொன்னார்: "அந்த முட்டையைத் தின்னாம வந்திருந்தா இன்னும் சவுகரியமா பாஸாயிருப்பே."

அன்று மேல்வீட்டுக்காரர் ஏறியதை வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்தோம். காலை முழுக்கத் தகடுகள் கோட்டின் மேல் கோடாக வந்து உட்கார்ந்தன. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. சிட்டு டப்பாவை வாளிக்குள் வைத்து விசில் கொடுத்தார். கயிறு அசையவில்லை. இன்னொரு விசில். அண்ணாந்து பார்த்தால் ஏணியில் ஆள் வந்துகொண்டிருக்கிறார்.

இறங்க ஏழு நிமிடம் ஆனது. வாளியிலிருந்து டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டு, கேன்டீன் நீள மேஜையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். வெல்டரும் பெயிண்டரும் நகர்ந்து இடம் விட்டார்கள். சாப்பிட அவருக்கு மிஞ்சியது பதின்மூன்று நிமிடம். ஃபிட்டரின் மகனுக்கு வேலை கிடைத்ததற்காக அன்று கேக் வந்திருந்தது. அவருக்கும் ஒரு துண்டு வெட்டினார்கள், ஒன்றே ஒன்று. ஃபிட்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் தின்றார். பிறகு எழுந்து மறுபடி நூற்று முப்பத்திரண்டு படி. ஏற பத்து நிமிடம்.

ஓய்வு பெறும் வரை ஒன்பது வருடம், மழையானாலும் வெயிலானாலும், தினமும் இதே கதைதான். உடற்பயிற்சியா என்று கேட்டால் சிரிப்பார். மேலே சாப்பிடப் பயமா என்று கேட்டால் அதற்கும் சிரிப்பார். அரை மணி நேரத்தில் பதினேழு நிமிடத்தை ஏணிக்குக் கொடுப்பது என்ன நியாயம் என்று நானே ஒருமுறை கேட்டேன். "நேரமாச்சுப்பா" என்று எழுந்து போய்விட்டார். அந்தத் தளம் இப்போது இல்லை. கேட்கவும் இனி வழியில்லை.

அவர் சாப்பிட இறங்கி வந்த அந்த முதல் நாள் மதியம், திரும்பி ஏறுவதற்கு முன், கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு சிட்டு கேட்டார்: "அப்போ இந்த வாளியை அவுத்துடட்டுமா?"

"வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைக் கம்பியில் கோத்து அவர் ஏறத் தொடங்கினார்.